மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின் முதல் ஆறு வாரம்: கணவரின் பங்கு என்ன?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மார்களை நம் மஹல்லாக்களில் இப்போது தெருவுக்கு ஒருவராவது பார்க்க முடிகிறது. அதையொட்டி நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "ஹஜ்ரத், வீட்டுல மூட்டு ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. சேர்ல உட்கார்ந்து தொழலாமா? கட்டு நனையாம எப்படி உளூ செய்றது?" நல்ல கேள்விகள்தான். பதிலைப் பின்னால் தருகிறோம். ஆனால் "இதில் நான் என்ன செய்யணும்?" என்று கேட்கும் கணவரை அபூர்வமாகவே சந்திக்கிறோம். மருத்துவமனைப் பணம் கட்டியாகிவிட்டது, ஊரிலிருந்து மகளை வரவழைத்தாகிவிட்டது, ஜும்ஆவில் துஆவுக்கும் சொல்லியாகிவிட்டது. தன் பங்கு முடிந்தது என்று அவர் நினைக்கிறார். உண்மையில் மனைவி காரிலிருந்து இறங்கி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் அவருடைய பங்கு தொடங்குகிறது.

அறுவை அறையில் மருத்துவர் செய்வது, தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி எடுத்துவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த செயற்கை மூட்டைப் பொருத்துவது. அது ஓரிரு மணி நேர வேலை. பொருத்திய மூட்டை மடக்கி, நீட்டி, உடல் எடையைத் தாங்க வைப்பது தொடைத் தசைகள். வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து தாங்கித் தாங்கி நடந்ததால் அந்தத் தசைகள் ஏற்கனவே மெலிந்திருக்கும். இதோடு, அறுத்த இடம் ஆறும்போது உள்ளே தழும்புத் திசு உருவாகிறது. முதல் சில வாரங்களில் காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தால் அது வளைந்து கொடுக்கும். வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்திருந்தால் இறுகிவிடும். இறுகிவிட்ட காலை மடக்குவதற்காகச் சிலருக்கு மறுபடியும் மயக்க மருந்து கொடுக்க வேண்டிய நிலைகூட வருகிறது. அதனால்தான் அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறார்கள். "நேத்துதானே ஆபரேஷன் பண்ணாங்க, அதுக்குள்ள நடக்கச் சொல்றாங்களே!" என்று நாம் பதறுகிறோம். அது இரக்கமில்லாத செயல் அல்ல, சிகிச்சையின் மறுபாதி. மருத்துவமனையில் அது நான்கைந்து நாள் நடக்கிறது. மீதி ஐந்து வாரத்துக்கு மேல் வீட்டில் நடக்க வேண்டும்.

வீட்டில் அதை நடத்துவது யார்? நம் குடும்பங்களில் மனைவி நோயில் படுத்தால் மகளோ, மருமகளோ, மனைவியின் சகோதரியோ வந்து பார்த்துக்கொள்வார்கள். கணவர் திண்ணையில் அமர்ந்து நலம் விசாரிக்க வருபவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கணவர் நோயில் படுத்தால் இப்படி ஒரு கட்டுரைக்கே அவசியம் இருக்காது. மனைவிமார்கள் யாரும் சொல்லாமலே செய்துவிடுகிறார்கள். ஆகவே இங்கே ஆண்களிடம்தான் பேசுகிறோம்.

மார்க்கத்தின் பார்வையில் இது யாருடைய வேலை என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் பத்ருக்குப் புறப்பட்டபோது அவர்களின் மகளார் ருகைய்யா (ரலி) கடும் நோயில் இருந்தார்கள். அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை, மனைவியைக் கவனித்துக்கொள்வதற்காக மதீனாவிலேயே தங்கச் செய்தார்கள் நபியவர்கள். பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய நன்மையும், போர்ப் பொருளில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். பிற்காலத்தில் உஸ்மான் (ரலி) பத்ருக்கு வரவில்லை என்று ஒருவர் குறையாகச் சொன்னபோது, இப்னு உமர் (ரலி) இந்த விவரத்தைச் சொல்லி மறுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. பத்ரைவிடப் பெரிய வேலை நம் கடைக்கோ அலுவலகத்துக்கோ இருக்க முடியாது. வீட்டில் நபி (ஸல்) என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) பதில் சொன்னதும் நாம் அறிந்ததே.

சட்ட நூல்களிலும் இது இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) தெளிவாக எழுதுகிறார்கள்: வழக்கத்தில் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பெண்ணாக இருந்தாலும், நோயினாலோ முடியாமையினாலோ அவளுக்குப் பணிவிடை தேவைப்பட்டால் அதற்கு ஏற்பாடு செய்வது கணவன் மீது கடமை. அதாவது அது அவர் காட்டும் சலுகை அல்ல, அவளுடைய உரிமை. பழைய கிதாபுகளில் மருத்துவச் செலவு கணவனின் கட்டாய ஜீவனாம்சத்தில் சேராது என்றும் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவந்து காட்டும் சிலர், இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் காலத்தில் வைத்தியம் உணவைப் போல அடிப்படைத் தேவையாகிவிட்டதால் அதுவும் கணவன் பொறுப்பே என்று ஷைக் வஹ்பா ஸுஹைலி (ரஹ்) போன்றவர்கள் எழுதியிருப்பதே நமக்கும் சரியாகப் படுகிறது.

பணிவிடைக்கு ஆள் வைத்தாலும் சில வேலைகளில் கணவரின் இடத்தை வேறு யாரும் எடுக்க முடியாது. முதல் சில நாட்களில் குளிக்க, உடை மாற்ற, கழிவறையில் அமர்ந்து எழ உதவி தேவைப்படும். ஒரு பெண்ணின் அவ்ரத்தைப் பார்க்கவும் தொடவும் எந்தத் தடையும் இல்லாத ஒரே நபர் அவளுடைய கணவர்தான். ஹனஃபி நூல்களில் ஒரு சட்டம் உண்டு: தானாக எதுவும் செய்ய முடியாத நோயாளிப் பெண்ணுக்குக் கணவன் இல்லையென்றால் மகளோ சகோதரியோ உளூ செய்து விடலாம், ஆனால் இஸ்திஞ்சா செய்து விடக்கூடாது, அந்த நிலையில் இஸ்திஞ்சாவே அவளை விட்டு நீங்கிவிடுகிறது. கணவன் இருந்தால் அது அவனுக்குரிய இடம். அந்த இடத்தில் நேற்று வந்த மருமகளை நிறுத்திவிட்டு, "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை" என்று ஒதுங்குவது அந்தத் தாய்க்கு எவ்வளவு கூச்சத்தைத் தரும் என்று யோசிக்க வேண்டும். நம் பெண்கள் பலர் இந்தக் கூச்சத்தாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் சேர்ந்துவிடுகின்றன.

வீட்டைப் பற்றி ஒரு பாரா. ஆபரேஷனுக்கு முன்பே செய்துவைக்க வேண்டியவை இவை. குந்தி உட்காரும் கழிவறை இனி ஆகாது. மேற்கத்திய முறைக் கழிவறை இல்லையென்றால் உயரமான கமோடு நாற்காலி வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கிறது. தரையில் கிடக்கும் கால்மிதியடிகளையும் சிறிய விரிப்புகளையும் எடுத்துவிட வேண்டும். குளியலறைத் தரை காய்ந்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் அறைக்கு அறை இருக்கும் நிலைப்படி வாக்கருக்கு எதிரி. கீழ்த்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்தில் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் மெத்தை போட்டு உயர்த்துங்கள். தரை வரை இழுபடும் தொழுகை அங்கி வாக்கரின் காலில் மாட்டும், அதையும் தரையில் இழுபடாத அளவுக்கு மடித்துத் தைத்துவிடுவது நல்லது.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் வலியால் தூக்கம் கெடும், இரண்டு மூன்று முறை கழிவறை போக வேண்டியிருக்கும். அப்போது பெரும்பாலான மனைவிமார்கள் "பாவம், அவங்க தூங்குறாங்க" என்று இருட்டில் தனியாக எழுந்து நடப்பார்கள். புதிய மூட்டோடு வழுக்கி விழுந்தால் என்னவாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. "எத்தனை தடவையானாலும் என்னை எழுப்பு" என்று கணவர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, எழுப்பும்போது முகம் சுளிக்காமல் எழ வேண்டும். முதல் இரவில் அவர் எப்படி எழுந்தார் என்பதை வைத்துத்தான் இரண்டாம் இரவில் அவள் எழுப்புவாளா மாட்டாளா என்பது முடிவாகும். ஒரு சிறிய இரவு விளக்கையும் எரிய விடுங்கள்.

இனி பயிற்சி. இதுதான் கணவருக்கு மிகவும் கடினமான பகுதி. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகள் எளிமையானவை. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. இதனால் கெண்டைக்காலில் இரத்தம் உறையும் ஆபத்து குறைகிறது. முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுவது. குதிகாலை மெதுவாகப் பின்னால் இழுத்து முழங்காலை மடக்குவது. கட்டில் ஓரத்தில் அமர்ந்து காலைத் தொங்கவிட்டு மடக்குவது. இவற்றைத் தினமும் பலமுறை செய்ய வேண்டும். தொழுகை நேரங்களோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது: ளுஹருக்குப் பின் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று என்று. வலி மாத்திரையை மருத்துவர் எழுதிய அளவில், பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பாக விழும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். விநாடியை எண்ணுவதற்குப் பதிலாக நிதானமாக ஐந்து சுப்ஹானல்லாஹ் சொல்லிக்கொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கையும் ஆகிறது, திக்ரும் ஆகிறது. பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பையைப் பதினைந்து இருபது நிமிடம் வைத்தால் வீக்கம் குறையும். ஐஸ் நேராகத் தோலில் படக்கூடாது.

வலிக்கும். கண்ணீர் வரும். அந்த நேரத்தில் கணவர்கள் இரண்டு வகையில் தவறு செய்வதைப் பார்க்கிறோம். ஒரு வகையினர், "சரி விடு, இன்னைக்கு வேண்டாம்" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் பாசம் மிகுந்தவர்கள் முழங்காலுக்குக் கீழே மெத்தென்று ஒரு தலையணையை வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகி, முழுவதுமாக நீட்ட முடியாமல் போய்விடும். மடக்குவது எவ்வளவு முக்கியமோ, நேராக நீட்டுவதும் அவ்வளவு முக்கியம். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

மற்ற வகையினர் அதட்டுகிறார்கள். "இவ்வளவு செலவு பண்ணியும் நீ ஒழுங்கா செய்ய மாட்டேங்குற." "எதிர் வீட்டு லாத்தா மூணாவது வாரமே கம்பு இல்லாம நடந்துச்சு." செலவைச் சொல்லிக்காட்டுவதன் தீமையை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை, கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டினால் தர்மமே பாழாகிவிடும் என்று சூரா பகரா எச்சரிக்கிறது. எதிர் வீட்டாரின் உடலும் வயதும் சர்க்கரையும் வேறு. ஒப்பிட வேண்டுமானால் போன வாரம் இவளுக்கு எவ்வளவு மடங்கியது, இந்த வாரம் எவ்வளவு மடங்குகிறது என்று ஒப்பிடுங்கள். ஒரு தாளில் எழுதி வைத்தால் அவளுக்கே தெம்பு வரும்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி, கூடவே உட்கார்ந்திருப்பது. அவள் செய்யக்கூடியதை அவளே செய்ய விட வேண்டும், எட்டாததை மட்டும் எடுத்துக்கொடுக்க வேண்டும். வாக்கரை அவளே நகர்த்தட்டும். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். நீங்கள் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் வாருங்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது நடைப்பயிற்சி அல்ல. வளைகுடாவில் வேலை செய்யும் சகோதரர்களால் ஆறு வாரம் விடுப்பு எடுக்க முடியாமல் போகலாம். வந்த விடுப்பைத் திருமண வீடுகளுக்குச் செலவழிக்காமல் இந்த முதல் இரண்டு வாரத்துக்கு வையுங்கள். திரும்பிப் போன பிறகு பயிற்சி நேரத்தில் வீடியோ காலில் இருந்தாலும் பலன் இருக்கிறது. பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு அழைக்க வசதி இல்லாதவர்கள், தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபி உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

தொழுகையும் உளூவும்

முதலில் உளூ. உளூவில் காலைக் கணுக்கால் வரைதான் கழுவுகிறோம். முழங்காலில் உள்ள கட்டு உளூவுக்குத் தடையே இல்லை. நாற்காலியில் அமர்ந்து, காலுக்குக் கீழே ஒரு தொட்டியை வைத்து, கணவர் தண்ணீர் ஊற்றினால் போதும். குனிந்து பாதத்தைக் கழுவ அவளால் முடியாது, அதையும் அவர் கழுவிவிடலாம். கட்டு பிரச்சனையாவது கடமையான குளிப்பில். கட்டைத் தவிர மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இது போதும். ஷாஃபிஈ மத்ஹபில் இதோடு தயம்முமும் செய்ய வேண்டும். மருத்துவர் நனைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கும்போது "அல்லாஹ் பார்த்துக்குவான்" என்று தண்ணீர் ஊற்றுவது பேணுதல் அல்ல. தலையில் காயம்பட்டவரைக் குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோனதைக் கேள்விப்பட்டு நபி (ஸல்) எவ்வளவு கோபப்பட்டார்கள் என்பது அபூதாவூதில் வருகிறது.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கணவர் மனைவியின் மேனி திரையின்றிப் பட்டால் இருவருடைய உளூவும் முறிந்துவிடும். உளூ செய்து முடித்தவளைக் கையைப் பிடித்து நடத்தி வந்து நாற்காலியில் உட்கார வைத்தால் உளூ போய்விட்டது. இதனால் சில வீடுகளில் தொழுகை நேரத்தில் கணவர் விலகி நிற்கிறார், அவள் தனியாகத் தடுமாறுகிறாள். தீர்வு எளிது. கடைசியாக அவள் தன் கையாலேயே உளூவை முடித்துக்கொள்ளட்டும், அல்லது அவர் கையுறை போட்டுக்கொண்டு கழுவிவிடட்டும். பிறகு நீளக்கை அங்கியின் மேலாகவே பிடியுங்கள், அல்லது இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொழுகை நாற்காலியை உளூ செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டால் நடையும் மிச்சம். ஹனஃபி மத்ஹபில் வெறும் தொடுதலால் உளூ முறியாது.

நாற்காலியில் தொழுவது ஆகுமா என்பதில் சந்தேகமே வேண்டாம். மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) கேட்டபோது நின்றும், முடியாவிட்டால் அமர்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நபி (ஸல்) சொன்ன ஹதீஸ் புகாரியில் உள்ளது. நிற்க முடிகிறது, சஜ்தா செய்ய முடியவில்லை என்றால்? ஷாஃபிஈ மத்ஹபில் நிலையை நின்றே நிறைவேற்றிவிட்டு, ருகூஉ முடியுமானால் அதையும் நின்று செய்து, சஜ்தாவுக்கு நாற்காலியில் அமர வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சஜ்தா செய்ய முடியாதவருக்கு நிற்பது கடமையில்லை, அமர்ந்தே தொழலாம். சைகை செய்பவர் சஜ்தாவுக்கு ருகூஉவைவிடச் சற்று அதிகமாகக் குனிய வேண்டும். முன்னால் மேசை போட்டு அதில் நெற்றியை வைக்க வேண்டியதில்லை. டைல்ஸ் தரையில் வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கைப்பிடியுள்ள, கனமான, முழங்கால் உயரத்துக்குக் குறையாத நாற்காலியைக் கிப்லாவை நோக்கிப் போட்டுவிடுங்கள்.

சட்டத்தைவிட மனம்தான் இங்கே தடையாக இருக்கிறது. ஐம்பது வருடம் தரையில் நெற்றி வைத்த தாய்க்கு நாற்காலித் தொழுகை தொழுகையாகவே தோன்றாது. யாரும் பார்க்காதபோது தரையில் இறங்கிப் பார்ப்பார்கள், எழ முடியாமல் தவிப்பார்கள். நோயாளி ஆரோக்கியத்தில் செய்துவந்த அமல்களின் நன்மை நோயிலும் எழுதப்படுகிறது என்ற நபிமொழியை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் கணவர். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தானும் நஃபில் தொழுகையை அமர்ந்து தொழுது காட்டிய ஒரு பெரியவரை நமக்குத் தெரியும். அமர்ந்து தொழும் நஃபிலுக்குப் பாதி நன்மைதான் என்று அவருக்கும் தெரியும்.

நலம் விசாரிப்பது சுன்னத். ஆனால் நம் ஊர்களில் அது மாலை நேரத்து மஜ்லிஸாக மாறிவிடுகிறது. எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, யாருக்கு ஆபரேஷன் தோற்றுப்போனது என்ற கதைகளைச் சொல்வார்கள். பயிற்சி தள்ளிப்போகும். நோயாளியோ, வந்தவர்களுக்கு டீ போட யாருமில்லையே என்று வாக்கரோடு சமையலறைக்குக் கிளம்புவார். வாசலில் நின்று, "இப்ப பயிற்சி நேரம், அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு துஆ செஞ்சுட்டுப் போங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லும் பொறுப்பு கணவருடையது. டீயும் அவரே போடட்டும். சமையலறை கைவிட்டுப் போனது அவளுக்கு உள்ளூர ஒரு வேதனை. உப்பு எங்கே, மல்லித்தூள் எங்கே என்று அவளைக் கேட்டே செய்யுங்கள். நாற்காலியில் அமர்ந்து கீரை ஆயவும் பூண்டு உரிக்கவும் கொடுங்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் நடப்பது. அது ஈமான் குறைவு அல்ல. இல்லற உறவு பற்றிய கேள்வியை மருத்துவரிடம் கணவரே தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவளாக வாய் திறக்க மாட்டாள், வலியைச் சகித்துக்கொண்டு இணங்கிவிடுவாள்.

இவற்றைக் கண்டால் காத்திருக்கக் கூடாது: கெண்டைக்காலில் புதிதாக வரும் வலியும் வீக்கமும், காய்ச்சல், குளிர் நடுக்கம், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிவது, சுற்றிலும் சிவப்பு பரவுவது, விழுந்துவிடுவது. உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108ஐ அழையுங்கள். கால் நரம்பில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். முட்டியில் லேசான சூடும் வீக்கமும் சில மாதங்கள் இருப்பது சாதாரணம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு ஏறினால் காயம் ஆறாது. நலம் விசாரிக்க வருபவர்கள் கொண்டுவரும் தொதலையும் வட்டிலப்பத்தையும் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை வலி குறைந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆறாவது வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்: தரையில் மண்டியிட்டு சஜ்தா செய்யலாமா, எப்போது? பொருத்திய மூட்டையும் கால் மடங்கும் அளவையும் பொறுத்துப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். "எனக்கு விட்டாங்க" என்று சொல்லும் இன்னொரு நோயாளியின் பதில் உங்களுக்குப் பொருந்தாது. உம்ராவுக்குப் போக அவசரப்படுபவர்கள் அதையும் அப்போதே கேளுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்பதால் தேதியை அவர் சொன்ன பிறகு டிக்கெட் எடுத்தால் போதும். போகும்போது சக்கர நாற்காலியில் தவாஃப் செய்யத் தயங்க வேண்டாம். உம்மு ஸலமா (ரலி) தமக்கு உடல் நலமில்லை என்று முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்துகொள்ளும்படி அவர்களின் கணவரான நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள்.